இடது பக்கம் ஒரு பை

நாற்பத்தோராவது நிமிடத்தில்
நிறுத்தி வைத்திருக்கிறேன் அவளை.
கடுகு நிறக் கோட்டு,
பனி விழும் ரயில் நிலையம்,
வராத ஒருவனுக்காக நிற்கிறாள்
என்கிறது கதை.
நான் கதையைப் பார்க்கவில்லை.

காலரைப் பார்க்கிறேன்.
மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலேயே
முடிந்துவிடும் சட்டைக்கையை.
பின்னால் நிற்கும் பச்சைத் தூணுக்கும் கோட்டுக்கும் நடுவே
யாரோ இரவெல்லாம் யோசித்து விட்டுவைத்த
தூரத்தை.
சன்னலுக்கு வெளியே ஜெலுத்தோங்.
இரவு பதினொன்றுக்கும் முப்பது டிகிரி.
மின்விசிறி மூன்றில் ஓடுகிறது.

முதலில் எல்லாரையும் போல
அப்படியே எடுத்துக்கொள்ளப் பார்த்தேன்.
ஒரு படத்தில் சூதாட்டக்காரன் போட்டிருந்த
வெள்ளை சூட்டை
காம்பல் ஸ்ட்ரீட்டில் துணி எடுத்துத் தைத்து
அலுவலகம் போனேன்.
"கல்யாணமா யோகவதி, சாவா?" என்றான்
கணக்குப் பிரிவு தனபாலன்.
இரண்டும் இல்லை என்றேன்.
சினிமா என்று சொல்ல வாய் வரவில்லை.
ஒன்பதரைக்கு கோப்பி ஓ
மடியில் கவிழ்ந்தது.

வேறு படங்களும் கடன் கொடுத்திருக்கின்றன.
திருடன் ஒருவனின் சமையலறையிலிருந்து
ஆரஞ்சு நிறக் கெட்டில்
(பாசார் மாலாமில் கிடைத்தது,
மூக்கு கொஞ்சம் ஒழுகும்).
துப்பறிகிறவள் புருவத்துக்கு மேலே
நேர்கோடாய் வெட்டியிருந்த முன்முடி.
அது வளர்ந்து முடிய
நான்கு மாதம் ஆயிற்று.

அப்புறம் பண்டல் கடையில்
பன்னிரண்டு ரிங்கிட்டுக்கு ஒரு கோட்டு.
கொரியாவிலிருந்து வந்திருக்க வேண்டும்,
உள்பையில் யாருடையதோ பேருந்துச் சீட்டு.
நிறம் கடுகேதான்.
கண்ணாடி முன்னால் மூன்று நிமிடம் நின்றேன்.
முதுகில் வியர்வை
தண்டவாளம் போட்டு இறங்கியது.
தாளித்த உருளைக்கிழங்கு ஒன்று
என்னை உற்றுப் பார்த்தது.

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு
மறுபடி அவளிடம் போனேன்.
நாற்பத்தொன்று. நிறுத்தம்.
பத்து நொடி பின்னால். பத்து நொடி முன்னால்.
அப்போதுதான் கண்டேன்,
ரயில் போன பிறகு
தன் கைகளை என்ன செய்வதென்று
அவளுக்குத் தெரிந்திருந்தது.
இடது கை பைக்குள் போனது,
வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற மாதிரி.
தோள் ஒரு அங்குலம் இறங்கியது.

என் அலமாரியில் பதினேழு சுடிதார்.
ஒன்றிலும் பை இல்லை.
முப்பத்தாறு வயது வரை
கைபேசியை, சாவியை, சில்லறையை
ஏந்திக்கொண்டே நடந்திருக்கிறேன்,
அர்ச்சனைத் தட்டு போல.

கிம்பர்லி ஸ்ட்ரீட் மேடம் ஊயிடம் சொன்னேன்:
இடது பக்கம், ஆழமாக,
மணிக்கட்டு மறைய வேண்டும்.
"போன் வைக்கவா?"
கை வைக்க.
உதட்டில் குண்டூசியைக் கவ்வியபடி
ஏற இறங்கப் பார்த்தார்.
சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார்.

நிறத்தை நானே பார்த்துக்கொண்டேன்.
மழை விட்டதும் படகுத்துறையில்
கடல் கொஞ்ச நேரம் காட்டுமே,
பச்சைக்கும் சாம்பலுக்கும் பிடிபடாமல் ஒன்று,
அதைக் கேட்டு
துணிக்கடைப் பையனோடு ஒரு மணி நேரம்.
"அப்படி ஒரு கலரே இல்லக்கா."
கைபேசியில் எடுத்த கடலைக் காட்டினேன்.
எட்டாவது சுருளில் இருந்தது.

இன்று காலை
ஏழு இருபது ஃபெர்ரி.
பட்டர்வொர்த்தைப் பார்த்து நிற்கிறேன்.
கை பைக்குள் போகிறது.
உள்ளே ஒன்றுமில்லை,
கச்சான் பூத்தே மடித்துத் தந்த
கசங்கிய தாளைத் தவிர.

பள்ளிச் சீருடையில் ஒரு பெண்
கம்பியைப் பிடித்தபடி
என் முழங்கைக்குக் கீழே
பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.
எந்த நிமிடத்தில்
நிறுத்தி வைத்திருக்கிறாளோ.

தோளை இறக்கிக்கொள்கிறேன்.
துப்பட்டா மட்டும்
காற்றில் அடங்க மாட்டேன் என்கிறது.